தனித்துச் செல்வோன் தனியனா?

மனிதன் தனித்திருக்க விரும்புவது அறமா, அன்றா? இக்கேள்வி துறவிகளுக்கு மட்டுமே உரியதெனப் பலர் எண்ணுகின்றனர். அங்ஙனமன்று. இல்லறத்தில் நின்று, ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்து, பௌர்ணமிதோறும் சங்கக் கூடத்தில் கூடிப் பஞ்சசீலம் ஏற்கும் நம்மனோர்க்கும் அது உரிய கேள்வியே. அண்மைக் காலத்தில் அது புதியதோர் உருவில் நம் இல்லங்களுக்குள் வந்து நிற்கிறது.

நம் பிள்ளைகள் இன்று கல்வி கற்று ஊதியம் பெறுகின்றனர். ஆண்டில் சில நாள் விடுப்புக் கிடைக்கிறது. அந்நாளில் அவர்களுட் சிலர் விரும்புவது யாது? எங்கேனும் ஒரு தீவிற்குச் சென்று, ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, காலை முதல் மாலை வரை எவர் துணையுமின்றி அத்தீவைச் சுற்றி வர வேண்டும் என்பதே. "கூட ஒருவரும் இல்லாமல் அங்கே உனக்கு என்ன வேலை?" என்று தாய் கேட்கிறாள். "ஒருவரும் இல்லாமல் இருப்பதற்குத்தான் போகிறேன், அம்மா" என்று பிள்ளை விடையிறுக்கிறான். பெரியவர் சிலர் இதனை வீண் செலவு என்றும், பிறரைப் பார்த்து வந்த மோகம் என்றும் கடிகின்றனர். இளைஞரோ இதுவே விடுதலை என்கின்றனர். இருதிறத்தார் கூற்றையும் தம்மத்தின் துலாக்கோலில் இட்டு நிறுத்துப் பார்ப்போம்.

ஒரு தீவும் ஒரு நாளும்

பொதுப்படப் பேசுதலினும் ஓரிடத்தைச் சுட்டிப் பேசுதல் நன்று. அந்தமான் தீவுக் கூட்டத்தில் சுவராஜ் தீவு என ஒன்றுண்டு. 2018ஆம் ஆண்டு இறுதி வரையில் அதன் பெயர் ஹாவ்லக். அது 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலத் தளபதிகளுள் ஒருவருடைய பெயர். அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேயர். 2024இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றினர். அந்நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் சுவராஜ் தீவு கிடக்கிறது. பரப்பு 92 சதுர கிலோமீட்டர் அளவு. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு வாழ்வோர் ஆறாயிரத்துச் சில நூற்றுவர்.

கப்பல்துறையில் இறங்குவோர்க்கு மோட்டார் சைக்கிள் நாள் வாடகைக்குக் கிடைக்கும். துறையிலிருந்து செல்லும் சாலை கடைத்தெருவை அடைந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை நெல் வயலும் கமுகந்தோப்பும் வாழையும் கடந்து, அடர்ந்த காட்டின் ஓரமாய் வளைந்து வளைந்து, மேற்குக் கரையிலுள்ள ராதாநகரை அடைகிறது. அங்கே வெண்மணல் நெடுகப் பரந்து கிடக்கும். அதன் பின்னே வானளாவிய மரங்கள் சுவர்போல் நிற்கும். மற்றொரு கிளை கிழக்குக் கரையை ஒட்டிக் காலாபத்தர் வரை செல்கிறது. கரும்பாறைகள் கிடக்கும் கரையாதலின் அப்பெயர் பெற்றது. கடல் வற்றும் வேளையில் அலை பின்வாங்கிய தரையில் மரவேர்கள் வெளிப்பட்டு நிற்கும். இரண்டு சாலையையும் போய்த் திரும்பினாலும் மொத்தம் ஐம்பது கிலோமீட்டர் அளவே ஆகும். அந்தமான் கிழக்கே தள்ளி இருத்தலின், இந்திய நேரப்படி குளிர்காலத்தில் மாலை ஐந்து மணியை ஒட்டியே கதிரவன் மறைந்து விடுகிறான். ஆதலின் நாள் குறுகியது, சாலையும் குறுகியது. தீவைச் சுற்றி வளைத்து வரும் பாதையும் இல்லை. ஒவ்வொரு சாலையும் கடலருகே ஓரிடத்தில் முடிகிறது. சென்றவர் வந்த வழியே திரும்பியாக வேண்டும்.

இவ்வளவே செய்தி. இதில் அறக்கேள்வி எங்கே உள்ளது? மூன்றிடத்தில் உள்ளது. வண்டியை ஓட்டுவோன் யார் என்பது ஒன்று. அவன் உண்மையில் தனியனா என்பது மற்றொன்று. திரும்பும்போது அவன் கொண்டு வருவது யாது என்பது மூன்றாவது.

வண்டியை ஓட்டுவோன்

வண்டி ஏறிச் செல்லுதல் பிறர்க்கு எளிய செய்தி. நமக்கு அஃது எளிய செய்தியன்று. அண்ணல் அம்பேத்கர் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கருதுக. 1901இல், சிறுவனாகிய அவர் உடன்பிறந்தாரோடு தந்தையைக் காணப் புறப்பட்டு மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினார். இன்ன சாதிப் பிள்ளைகள் என்று அறிந்ததும் மாட்டு வண்டிக்காரர் எவரும் ஏற்றிச் செல்ல இசைந்திலர். இரட்டிப்புக் கூலி தரவேண்டும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், வண்டிக்காரர் உடன் நடந்து வருவார் என்ற உடன்பாட்டின் பேரிலேயே வண்டி கிடைத்தது. பின்னர் 1929இல், வெளிநாட்டில் உயர்கல்வி கற்றுப் பாரிஸ்டராய் விளங்கிய காலத்தில், சாலிஸ்காவ் என்னும் ஊரில் அவரைக் குதிரை வண்டியில் ஏற்றி ஓட்ட எந்த வண்டிக்காரரும் முன்வந்திலர். அவருடைய மானத்தைக் காக்க எண்ணிய சேரி மக்கள் வண்டியை மட்டும் வாடகைக்குப் பெற்று, ஓட்டிப் பழகாத தம்மவர் ஒருவரை ஓட்டச் செய்தனர். பாலத்தருகே வண்டி மோதியது. அண்ணல் கல் மேல் தூக்கி எறியப்பட்டார், கால் முறிந்தது.

தமிழ்நாட்டு ஊர்களில் நடந்தவற்றை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊர்த்தெருவின் எல்லை வந்ததும் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். மிதிவண்டியை விட்டிறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும். மணமகன் குதிரை மேல் ஏறினான் என்பதற்காகக் கல்லெறியும் ஊர்கள் வடநாட்டில் இன்றும் உள.

இவற்றை எண்ணுங்கால், நம் குலத்திற் பிறந்த ஒருவன், அல்லது ஒருத்தி, எவரையும் கேளாமல், எவருக்கும் இறங்காமல், தானே சாவி திருகித் தன் வண்டியைத் தானே ஓட்டி ஒரு நாள் முழுவதும் செல்வதை வீண் களியாட்டம் என ஒதுக்கிவிட இயலுமோ? இயலாது. அதில் ஒரு நீதி உள்ளது. பெரியவர்கள் இதனை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும்.

ஒதுக்கப்படுதலும் தனித்திருத்தலும்

இனி, தனிமை என்னும் சொல்லை நாம் பகுத்து நோக்க வேண்டும். அச்சொல்லினுள் இரு வேறு பொருள் மறைந்து கிடக்கின்றன. பிறர் நம்மைத் தனியே வைத்தல் ஒன்று. நாமே தனித்திருத்தல் மற்றொன்று.

முன்னதற்கு அந்தமானிலேயே சான்று உண்டு. ஆங்கிலேயர் 1896 முதல் 1906 வரை அங்கே எழுப்பிய சிறைக்கூடத்தைச் செல்லுலார் சிறை என்றனர். செல் என்னும் சிற்றறைகளால் ஆனமையின் அப்பெயர். நடுவில் ஒரு காவற்கோபுரம். அதிலிருந்து ஏழு கிளைகள். ஏறத்தாழ எழுநூறு அறைகள். ஓர் அறைக்கு ஒருவர். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகை நோக்குமாறு கட்டினர். கைதி ஒருவர் மற்றொருவர் முகத்தைக் காணலாகாது என்பதே கருத்து. மனிதனை மனிதனிடமிருந்து பிரித்தலே மிகப் பெரிய தண்டனை என்பதை அதைக் கட்டியோர் நன்கறிந்திருந்தனர்.

அதனை அறிய நமக்குச் செங்கல்லும் இரும்பும் தேவையாயிருந்தில. ஊருக்குப் புறத்தே சேரி, குளத்தில் தனித்துறை, தேநீர்க்கடையில் தனிக்குவளை, இறந்த பின்னும் தனிச் சுடுகாடு. சுவர் இல்லாமலே சிற்றறை கட்டும் கலையில் இந்நாடு எவருக்கும் பின்வாங்கியதன்று.

ஆயினும் ஒன்றை ஊன்றி நோக்குக. சேரி நம்மை ஒதுக்கியது. ஆனால் ஒருபோதும் தனித்திருக்க விட்டதில்லை. ஒதுக்கப்பட்டவன் மேல் ஊரின் கண் எப்பொழுதும் இருந்தது. எங்கே போகிறான், என்ன உடுத்துகிறான், யாரோடு பேசுகிறான், எதனை உண்கிறான் என்று நாளெல்லாம் நோக்கிக்கொண்டே இருந்தனர். எவ்வூர், எத்தெரு, யார் மகன் என்னும் கேள்வி நிழல்போல் தொடர்ந்தது. நகரங்களுக்கு வந்த பின்னும் அது முற்றும் நீங்கவில்லை. ஆதலின் நம் பிள்ளைகள் ஒரு தீவின் சாலையில், தம்மை இன்னார் என அறியாத மரங்களுக்கும் கடலுக்கும் இடையே செல்லும்போது அடையும் இன்பம், பிறர் அடையும் சுற்றுலா இன்பத்தினும் வேறானது. தலைமுறை பலவாகத் தம்மேல் பதிந்திருந்த கண்களிலிருந்து ஒரு நாள் நீங்கும் இன்பம் அது. அதனைப் பழித்தல் தகாது.

இவ்வளவும் இளைஞர் பக்கத்து நியாயம். ஆனால் தம்மம் இவ்விடத்தில் நின்றுவிடுவதில்லை. "நீ தனித்துச் சென்றாய், நன்று. உண்மையில் தனியனாய் இருந்தாயா?" என்று அது மேலும் வினவுகிறது.

சாலையை அமைத்தோர்

முதற்கண் புறத்தே நோக்குவோம். அவன் செல்லும் சாலை தானே தோன்றியதன்று. அந்தமானின் காட்டைத் திருத்தியதிலும் பாதை அமைத்ததிலும் சோட்டாநாகபுரியிலிருந்து கூலிகளாய்க் கொண்டுவரப்பட்ட பழங்குடி மக்களின் உழைப்புப் பெரிது. ஊரின் பெயராலேயே அவர்களை ராஞ்சிகள் என்று அங்கே வழங்குகின்றனர். அவன் வண்டிக்கு ஊற்றிய பெட்ரோல் கடல் கடந்து கப்பலில் வந்தது. அவன் பசிக்கு உண்ட சோறும் மீனும் வேறொருவர் கையால் ஆக்கப்பட்டன.

அவன் இருமருங்கும் கண்ட வயல்களும் தோப்புகளும் யாருடையவை? நாடு பிரிந்த பின்னர்க் கிழக்கு வங்காளத்திலிருந்து வீடிழந்து வந்த அகதிகள் 1950களில் அத்தீவில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களும் அவர்தம் வழிவந்தோரும் உழுது உண்டாக்கியவை அவை. அந்தமானுக்கு அங்ஙனம் வந்த அகதிகளுட் பெரும்பகுதியினர் நாமசூத்திரர், வங்காளத்தில் தீண்டத்தகாதோர் என்று இழித்துரைக்கப்பட்ட உழவர் குடியினர். நமக்கு அவர்கள் அயலார் அல்லர். 1946இல் அரசியல் நிர்ணய சபைக்குச் செல்ல அண்ணலுக்குப் பம்பாயில் வழியில்லாதிருந்தபோது, அவரை வங்காளத்திலிருந்து தேர்ந்தெடுத்து அனுப்பியதில் முன்னின்றவர் நாமசூத்திரத் தலைவர் ஜோகேந்திரநாத் மண்டல். நாட்டுப் பிரிவினையால் அவ்விடம் போயிற்று. 1947இல் அண்ணல் பம்பாயிலிருந்து மீண்டும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் முதற்கதவைத் திறந்த கை வங்காளத்து ஒடுக்கப்பட்டோர் கை. அச்சபையில் இயன்ற சட்டத்தின் நிழலிற் படித்து, பணி பெற்று, விடுப்பெடுத்து வந்த நம் இளைஞன், அம்மக்களின் வயலோரமாய் வண்டி ஓட்டிச் செல்கிறான்; அவர்கள் யார் என்று அறியாமலே செல்கிறான். "நான் தனியே வந்தேன்" என்கிறான்.

எதுவும் தானே தோன்றுவதில்லை, சார்பிலேயே தோன்றுகிறது என்பது பகவன் புத்தரின் போதனை. ஒருவன் தனித்துச் செல்வதற்கும் ஆயிரம் பேருடைய உழைப்பு வேண்டியிருக்கிறது. இதனை உணர்ந்து செல்வோனுக்கும் உணராது செல்வோனுக்கும் இடையே மிகுந்த வேறுபாடு உண்டு. முன்னவன் நன்றியோடு செல்கிறான். பின்னவன் தீவையே தனக்கென விரித்த பாயாக எண்ணுகிறான்.

பின்னிருக்கையில் அமர்ந்தவன்

இனி அகத்தே நோக்குவோம். மேகியர் என்னும் பிக்கு பகவனுக்குப் பணிவிடை செய்து வந்தார். ஒரு நாள் பிச்சை ஏற்றுத் திரும்பும் வழியில் ஆற்றங்கரையில் அழகியதோர் மாந்தோப்பைக் கண்டார். அங்கே தனித்திருந்து தியானம் பயில வேண்டும் என்னும் ஆசை எழுந்தது. பகவன், மற்றொரு பிக்கு வரும் வரையில் சற்றுப் பொறுக்குமாறு கூறினார். மேகியர் கேட்டிலர். மூன்று முறை வேண்டி விடைபெற்றுச் சென்றார். தோப்பு அழகாய்த்தான் இருந்தது. மர நிழலில் அமர்ந்தார். அமர்ந்தவுடன் காம நினைவும், பகை நினைவும், பிறரைத் துன்புறுத்தும் நினைவும் ஒன்றன்பின் ஒன்றாய் வந்து அவரைச் சூழ்ந்தன. வியந்து திரும்பி வந்து அதனை உரைத்தார். பக்குவப்படாத உள்ளத்திற்கு முதலில் வேண்டப்படுவது நல்லோர் நட்பு என்று பகவன் அவருக்கு விளக்கினார். உதானம் என்னும் நூலில் இவ்வரலாறு காணப்படுகிறது.

மிகஜாலர் என்னும் மற்றொரு பிக்கு, தனித்து வாழ்பவன் யார் என்று பகவனை வினவினார். அவர் அளித்த விடை வியப்புக்குரியது. கண்டவற்றிலும் கேட்டவற்றிலும் மகிழ்ந்து பற்றிக்கொள்பவன் யாருமற்ற காட்டில் இருந்தாலும் துணையோடு வாழ்பவனே. வேட்கை அவனுக்கு இரண்டாம் ஆளாய் உடன் இருக்கிறது. அவ்வேட்கையை விட்டவனோ, ஊர் நடுவில், மக்களும் மன்னரும் மாற்றுச் சமயத்தாரும் சூழ இருந்தாலும் தனித்து வாழ்பவனே. சம்யுத்த நிகாயத்தில் உள்ள இப்போதனையின் கருத்து இது.

தீவில் தனியே செல்லும் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையை இப்பொழுது நோக்குக. அங்கே ஒருவன் அமர்ந்திருக்கிறான்.

சில வேளை அவன் காமத்தின் உருவில் இருப்பான். கடலைக் கண்டவுடன் "படம் எடு, பிறர் காணட்டும், நீ இங்கு வந்ததை அவர்கள் அறியட்டும்" என்று காதில் ஓதுவான். இளைஞன் கடலைப் பார்ப்பதை விட்டுக் கைப்பேசியைப் பார்ப்பான். ஊராரின் கண்ணிலிருந்து தப்பி வந்தவன் ஊரார் கண்ணையே தேடி அலைவான். சில வேளை அவன் இம்சையின் உருவில் இருப்பான். "இன்னும் விரைவாக" என்று தூண்டுவான். வளைவில் நடந்து வரும் கிழவியும், சாலையைக் கடக்கும் நாயும் ஆடும் அவனுக்கு இடையூறுகளாய்த் தோன்றும்.

பகையின் உருவில் அமர்ந்திருப்பவனே நமக்கு மிகவும் அறிமுகமானவன். "அன்று உன் தந்தையை அவன் ஒருமையில் அழைத்தான், வகுப்பில் உன்னை இப்படிக் கேட்டான், அலுவலகத்தில் உன் முதுகுக்குப் பின் இன்னது சொன்னான்" என்று சாலை நெடுகச் சொல்லிக்கொண்டே வருவான். அவன் சொல்வது பொய்யன்று; முற்றிலும் மெய். மெய்யாதலினாலேயே அவனை இறக்கிவிடுதல் அரிது.

இவ்விடத்தில் எம்மைத் தவறாகக் கொள்ளற்க. பகையை விடுக என்பது நீதியை விடுக என்பதன்று. இழைக்கப்பட்ட கொடுமையை மறந்துவிடுக என்பதுமன்று. மறப்போமாயின் அக்கொடுமை மீண்டும் நிகழும். ஆனால் நினைத்தல் வேறு. நினைவால் எரிதல் வேறு. நம்மை இழித்தவன் நம் உள்ளத்திலேயே குடியிருந்து, நாம் கடலைக் காணும் பொழுதையும் தனதாக்கிக் கொள்வானாயின், அவன் இரண்டாம் முறையும் வென்றவன் ஆகிறான். சவுதார் குளத்தில் நீருண்ணும் உரிமைக்கு 1927இல் போராடிய அண்ணல், 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் இலட்சக்கணக்கானோரை அழைத்துச் சென்றது வஞ்சினத்திற்கன்று, திரிசரணத்திற்கு. இதனை நாம் அடிக்கடி எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆகவே, தனித்துச் செல்லுதலின் உண்மைப் பயன் இன்பமன்று, ஓய்வுமன்று. பின்னிருக்கையில் அமர்ந்திருப்பவன் யார் என்று கண்டுகொள்ளுதலே. வீட்டின் ஆரவாரத்தில் அவன் குரல் நமக்குக் கேட்பதில்லை. நம் குரலென்றே எண்ணிவிடுகிறோம். ஆளற்ற சாலையில் அது தெளிவாகக் கேட்கிறது. மேகியரும் தோப்பிற்குச் சென்றிராவிடில் தம் உள்ளத்தை அறிந்திருக்க மாட்டார். அவர் சென்றதில் இழுக்கில்லை. கண்டதைத் திரும்பி வந்து நல்லாசானிடம் உரைத்ததே சிறப்பு.

தீவு என்னும் சொல்

பாலி மொழியில் தீப என்னும் சொல்லுக்கு விளக்கு என்றும் தீவு என்றும் இரு பொருள் உண்டு. பகவன் தம் இறுதி மழைக்காலத்தில், உடல் நலிந்திருந்தபோது, ஆனந்தரை நோக்கி, உங்களுக்கு நீங்களே தீபமாய், நீங்களே சரணாய், தம்மத்தைத் தீபமாய்க் கொண்டு வாழ்மின் என்னும் கருத்துப்பட உரைத்தார். விளக்கு என்று பொருள் கொள்வோர் பலர். பழைய உரையாசிரியரோ பெருங்கடல் நடுவே உள்ள தீவு என்றே அதற்குப் பொருள் எழுதினர். தம்மபதத்தின் அப்பமாத வர்க்கத்திலும், விழிப்பாலும் அடக்கத்தாலும் அறிவுடையோன் வெள்ளம் மூழ்கடிக்க முடியாத தீவை ஆக்கிக்கொள்கிறான் என்னும் கருத்து வருகிறது.

அவ்வுவமையில் தீவு என்பது யாது? கடலில் தத்தளிப்போனுக்குக் கால் ஊன்ற வாய்த்த நிலம். பிறரிடமிருந்து விலகி நிற்பதற்காகத் தீவு புகழப்படவில்லை. மூழ்குவோனைத் தாங்குவதற்காகவே புகழப்படுகிறது. வங்காளத்து அகதிகளைச் சுவராஜ் தீவு அங்ஙனமே தாங்கிற்று. நம் இளைஞன் தேடிச் செல்லும் தீவு நீர் சூழ்ந்த மண்ணாக மட்டும் இருப்பின், விடுப்பு முடிந்தவுடன் அதுவும் முடிந்துவிடும். விழிப்பு என்னும் தீவை அவன் ஆக்கிக்கொள்வானாயின், பெங்களூரின் நெரிசலிலும் மும்பையின் ரயில் பெட்டியிலும் அவன் காலடியில் அது இருக்கும்.

மணிபல்லவம் கற்பிப்பது

தீவில் தனித்திருந்தோர் வரலாறு நம் தமிழ்ப் பௌத்தத்திற்குப் புதியதன்று. மணிமேகலைக் காப்பியத்தின் நடு நாடியே அதுதான். உறக்கத்தில் மணிபல்லவத் தீவிற்குக் கொண்டு செல்லப்பட்ட மணிமேகலை விழித்துத் தன்னந்தனியளாய் நின்று அஞ்சினாள், அழுதாள், பின் அங்கே புத்த பீடிகையைக் கண்டாள். தன் முற்பிறப்பை அறிந்தாள். கோமுகி என்னும் பொய்கையிலிருந்து அமுதசுரபியைப் பெற்றாள். பெற்றதும் அங்கேயே தங்கினாளா? இல்லை. புகார் நகருக்கு மீண்டு, பசித்தோர்க்கெல்லாம் சோறிட்டாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டம் ஆக்கினாள். அந்தமானிலும் செல்லுலார் சிறையின் வளாகத்தில் 1963இல் மருத்துவமனை அமைந்தது என்பதை ஈண்டு நினைத்தல் பொருந்தும்.

அவளுக்கு முன் அப்பாத்திரத்தை ஏந்தியவன் ஆபுத்திரன். பசியால் வாடிய சாவக நாட்டிற்குக் கப்பலேறிச் சென்ற அவன், வழியில் மணிபல்லவத்தில் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று கருதிக் கப்பல் இரவிலே போய்விட்டது. எடுக்க எடுக்கக் குறையாத பாத்திரம் கையில் இருந்தது. தான் ஒருவன் உண்டு நெடுங்காலம் அங்கே வாழ்ந்திருக்கலாம். ஆனால் பலர் பசி தீர்க்கும் பாத்திரத்தைத் தன் ஒரு வயிற்றுக்குப் பயன்படுத்த அவன் உள்ளம் ஒப்பவில்லை. அறம் செய்வார் கையில் ஒரு நாள் சேர்க என்று அதனைப் பொய்கையில் இட்டுவிட்டு, உண்ணாது உயிர் நீத்தான்.

உயிரை விடுமாறு எவரையும் நாம் ஈண்டுத் தூண்டவில்லை. அது காப்பியத்தின் முறை. அதன் கருத்தையே கொள்க. குறைவற்ற நிறைவு கையில் இருந்தும் கொடுப்பதற்கு ஒருவரும் இல்லையேல், அந்நிறைவுக்குப் பொருளில்லை. ஒரே தீவு, ஒரே பாத்திரம். ஆபுத்திரனுக்குத் திரும்பும் கப்பல் இல்லை. மணிமேகலைக்குத் திரும்பும் வழி இருந்தது, அவள் திரும்பினாள். நம் பிள்ளைகளுக்கும் திரும்பும் கப்பல் உண்டு. ஆதலின் அவர்களுடைய தனிமையின் மதிப்பைத் தீவில் அளக்க இயலாது. அவர்கள் திரும்பிய பின்னரே அளக்க இயலும்.

செல்வோர்க்குச் சில சொல்

செல்ல விரும்புவோர் செல்க. சீலத்தோடு செல்க. மது அருந்தி வண்டி ஓட்டுதல் ஐந்தாம் சீலத்தை மட்டுமன்றி முதற்சீலத்தையும் முறிக்கும். பிற உயிர் சாகும். தலைக்கவசம் அணிக; தன் உயிரும் உயிரே. கரையிற் கிடக்கும் பவளத்துண்டையும் சங்கையும் எடுத்து வருதல் கொடுக்கப்படாததைக் கொள்ளுதல் ஆகும்.

மற்றொன்றும் உண்டு. அந்தமானில் ஜாரவா மக்களும் சென்டினல் தீவு மக்களும் தம் வழியே வாழ்கின்றனர். அவர்கள் நிலத்தைக் காக்க 1956இலேயே ஒழுங்குவிதி இயற்றப்பட்டது. எனினும் அவர்களை வேடிக்கை பார்ப்பதற்கென்றே வாகனம் ஏறிச் சென்றோர் பலர். ஒரு மக்களைக் காட்சிப் பொருளாக நோக்கும் கண் எத்தகையது என்பதை நம்மினும் நன்கறிந்தார் யார்? நாம் எக்கண்ணிலிருந்து தப்பி ஒரு நாள் செல்கிறோமோ, அக்கண்ணைப் பிறர்மேல் வைத்தல் நமக்கு ஆகாது. தாமாக விரும்பித் தனித்திருப்போரை அங்ஙனமே இருக்க விடுதல் மைத்திரியின் ஒரு கூறு.

நாளின் ஒரு பொழுதில் வண்டியை நிறுத்தி, கைப்பேசியை அணைத்து, மூச்சை நோக்கி அமர்க. பின்னிருக்கையில் வந்தவனைக் காண்க. சினந்து துரத்த வேண்டா. இன்னான் என்று அறிந்தாலே அவன் வலிமை குன்றும். மாலையில், அத்தீவில் உழுது வாழும் ஒருவரோடு பேசி, அவர் எங்கிருந்து வந்தார், எவ்வாறு வந்தார் என்று கேட்டறிக.

பெற்றோர்க்கும் பெரியவர்க்கும் நாம் கூறுவது ஒன்றே. பிள்ளைகளைத் தடுக்க வேண்டா. மேகியரைப் பகவன் அறிவுறுத்தினார், பின் விட்டார், திரும்பியபோது கடிந்துரையாது கற்பித்தார். சென்று மீண்டவனைச் சங்கக் கூடத்தில் அமர்த்தி, அவன் கண்டதைக் கேட்போம். படங்களைக் காட்டுவானாயின் பார்ப்போம். அதன்பின் உள்ளத்தில் கண்டதையும் கேட்போம். கேட்பார் இல்லாவிடில் அவன் அடுத்த முறையும் படங்களையே கொண்டு வருவான்.

கோமுகிப் பொய்கையில் வைகாசிப் பௌர்ணமி நாளில் அமுதசுரபி மேலெழும் என்பது காப்பியம். அந்நாளில் நாம் ஒவ்வோர் ஆண்டும் கூடுகிறோம்; சோறும் பாயசமும் வழங்குகிறோம். இவ்வாண்டு அப்பந்தியில் பரிமாறும் பணியைத் தனியே தீவு சுற்றி வந்த இளைஞரிடம் ஒப்படைப்போம். ஒரு நாள் எவருமின்றி இருந்து பழகிய உள்ளம், எல்லோர் நடுவிலும் நின்று பிறர் இலையை நோக்கக் கற்குமாயின், அவர்கள் போய் வந்தது நன்று.